விளக்கா, குடமா?

2023 ஏப்ரல். ஆண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. மறுநாள் சமூக அறிவியல் தேர்வு. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். பாடத்தில் சந்தேகம் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"டீச்சர், இனி எங்கம்மா தினமும் ராத்திரி எட்டரைக்குத்தான் வருவாங்களா?"

அவள் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். திருப்பூரில் பணிபுரியும் ஆசிரியர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். காலை எட்டரைக்குப் போனால் மாலை ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட் முடியும். ஆர்டர் அவசரம் என்றால் இரவு எட்டரை வரை, அதாவது ஒன்றரை ஷிப்ட். வீட்டில் சின்னத் தம்பி இருக்கிறான். ஒன்றரை ஷிப்ட் நாட்களில் இவள்தான் அவனுக்குச் சோறு போட்டு, வீட்டுப்பாடம் எழுத வைத்து, தூங்க வைக்கிறாள். மறுநாள் வகுப்பில் இவள் கண்களைப் பார்த்தே முந்தின நாள் எத்தனை ஷிப்ட் என்று சொல்லிவிடலாம்.

அந்த ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகள் சட்டத்தில் தமிழ்நாடு திருத்தச் சட்டமுன்வடிவு சட்டப்பேரவையில் நிறைவேறியிருந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது அப்போதைய வேலை வரம்பு. சில தொழிற்சாலைகளுக்கு நாள் வரம்பிலிருந்து விலக்கு அளிக்க அரசுக்கு அதிகாரம் தருவது அந்தத் திருத்தம். அப்படியானால் 12 மணி நேரமாக நான்கு நாள் வேலை என்றும் அமையலாம். வீடுகளுக்கு அது "பன்னிரண்டு மணி நேரச் சட்டம்" என்றுதான் போய்ச் சேர்ந்தது.

"இப்பவே சீசன்ல ஒன்றரை ஷிப்டுதானுங்க. ஆனா முடியலைன்னா அம்மா ஒரு ஷிப்டோட வந்துருவாங்க. சட்டமே ஆயிட்டா அப்படி வர முடியுங்களா? எங்கம்மாகிட்ட யாரும் கேக்கவே இல்லையேங்க டீச்சர்."

நாம் எல்லோரும் சொல்லும் பதிலைத்தான் நானும் சொன்னேன்: நாம் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கிறோம், அவர்கள் நமக்காகச் சட்டம் இயற்றுகிறார்கள், அதன் பெயர் பிரதிநிதித்துவ மக்களாட்சி. தலையாட்டிவிட்டுப் போனாள். தேர்விலும் அதை எழுதியிருப்பாள். ஆனால் அவள் கேட்டது அதுவல்ல என்று எனக்கே தெரிந்தது.

பிறகு நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தொழிற்சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. ஏப்ரல் 24 அன்று சட்டமுன்வடிவு நிறுத்தி வைக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. மே 1, தொழிலாளர் நாளன்று, அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அந்த மாணவி பத்தாம் வகுப்பில் இருந்தாள். முதல் வாரமே கேட்டாள்: "பாஸ் பண்ணின சட்டம் எப்படிங்க டீச்சர் வராமப் போகும்?"

இந்தக் கேள்விக்காக நான் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு சட்டம் அவையில் நிறைவேறுவது வேறு, சட்டமாவது வேறு, நடைமுறைக்கு வருவது வேறு. இந்த மூன்றையும் நாம் வகுப்பில் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். நமக்கு மிகவும் பழக்கமான எடுத்துக்காட்டு இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். 2009 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது, அதே மாதம் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1 அன்று. இடைப்பட்ட ஏழு மாதமும் அது சட்டம்தான், ஆனால் யாரையும் கட்டுப்படுத்தாத சட்டம். நம் ஊரில் அந்த இடைவெளியைத் தாண்டச் சாவி அரசிதழ் அறிவிப்பு. சில நாடுகளில் அந்தச் சாவி மக்கள் கையில் இருக்கிறது. அவையில் நிறைவேறிய சட்டம் நடைமுறைக்கு வரலாமா கூடாதா என்று மக்களே வாக்களித்துச் சொல்வார்கள். அதைத்தான் பொது வாக்கெடுப்பு என்கிறோம். இலங்கைத் தமிழில் சர்வசன வாக்கெடுப்பு.

இலங்கையிலிருந்தே தொடங்குகிறேன். தமிழர்கள் வாக்குச்சீட்டைக் கையில் வாங்கி ஒரு சட்டத்துக்கு ஆம், இல்லை சொன்ன வரலாறு அங்கேதான் இருக்கிறது.

1978ஆம் ஆண்டு இலங்கை அரசியலமைப்பு சில அடிப்படை ஏற்பாடுகளுக்கு இரட்டைப் பூட்டுப் போட்டது. அவற்றை மாற்ற நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு மட்டும் போதாது, பொது வாக்கெடுப்பிலும் வெல்ல வேண்டும். நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டுக்கு மேல் நீட்டுவதும் அந்தப் பட்டியலில் உண்டு. 1977 ஜூலையில் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றத்தின் காலம் 1983 ஆகஸ்டில் முடிய வேண்டும். 1982 அக்டோபரில் குடியரசுத் தலைவர் தேர்தலில் வென்ற ஜே.ஆர். ஜெயவர்த்தனா, நாடாளுமன்றத் தேர்தலை நடத்தாமல் இருக்கும் அவையையே மேலும் ஆறு ஆண்டு, 1989 ஆகஸ்ட் வரை, நீட்டிக்க விரும்பினார். அதற்குத்தான் நான்காவது திருத்தச் சட்டமுன்வடிவு. அப்போது அவையில் அவர் கட்சிக்கு ஆறில் ஐந்து பங்கு இடங்கள். உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில், மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும் மக்கள் ஒப்புதலும் இருந்தால் நிறைவேற்றலாம் என்றது. நவம்பரில் அவை நிறைவேற்றியது. 1982 டிசம்பர் 22 அன்று மக்களிடம் போனது.

வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர் கிடையாது, இரண்டு சின்னங்கள்தான். சட்டமுன்வடிவை ஏற்றால் விளக்கு, ஏற்காவிட்டால் குடம். விளக்குக்கு 31,41,223 வாக்குகள், குடத்துக்கு 26,05,983. சதவீதத்தில் 54.66க்கு 45.34. சட்டம் நடைமுறைக்கு வந்தது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, கணித ஆசிரியர்கள் எடுத்துக்கொள்ளலாம். பதிவு பெற்ற வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாக்களித்திருந்தால், செல்லும் வாக்குகளில் பாதிக்கு மேல் பெற்றாலே போதும். வாக்களித்தவர்கள் அதைத் தாண்டவில்லை என்றால், மொத்த வாக்காளர்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் 'ஆம்' சொல்லியிருக்க வேண்டும். நூறு வாக்காளர் உள்ள ஊரில் அறுபது பேர் மட்டும் வந்து, 31 பேர் ஆம், 29 பேர் இல்லை என்று போட்டால் சட்டம் தோற்றுவிடும், 34 ஆம் வேண்டும். வீட்டில் உட்கார்ந்திருப்பவரின் மௌனத்தையும் கணக்கில் எடுக்கும் ஏற்பாடு இது. 1982இல் சுமார் 71 சதவீதம் பேர் வாக்களித்ததால் இந்த விதிக்கு வேலை வரவில்லை.

எண்களை மட்டும் பார்த்தால் மக்கள் கேட்கப்பட்டார்கள், ஒப்புக்கொண்டார்கள் என்று முடித்துவிடலாம். ஆனால் வாக்கெடுப்பு நடந்தபோது நாட்டில் அவசரநிலை நடைமுறையில் இருந்தது. எதிர்த்தரப்புப் பத்திரிகை அச்சகம் பூட்டப்பட்டிருந்தது. முறைகேடுகள் பற்றித் தேர்தல் ஆணையரே பின்னாளில் அறிக்கை அளித்தார். இன்னொன்று: யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பேர் குடத்துக்கே போட்டிருந்தார்கள். நாடு முழுவதையும் ஒரே தொகுதியாக எண்ணும்போது அந்த ஒன்பது பேரின் 'இல்லை' கரைந்துவிட்டது. அடுத்த பொதுத் தேர்தல் 1989 பிப்ரவரியில்தான் வந்தது. 1977 ஜூலையில் பதினேழு வயதாக இருந்த ஒருவர், பொதுத் தேர்தலில் முதல் முறை வாக்களிக்க இருபத்தெட்டு வயதுவரை காத்திருந்தார். இடையில் 1983 ஜூலை. அதன்பின் நடந்ததை இந்தக் கட்டுரையில் அடக்க முடியாது.

இதைப் பத்தாம் வகுப்பில் சொன்ன வாரம், இலங்கைத் தமிழ்க் குடும்பத்து மாணவி ஒருத்தி தன் அப்பத்தாவைப் பெற்றோர் கூட்டத்துக்கு அழைத்து வந்திருந்தாள். விளக்கு, குடம் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். அந்த அம்மா சிரித்தார். "நாங்கள் குடத்துக்குத்தான் போட்டனாங்கள் பிள்ளை. எங்கட பக்கம் முழுக்கக் குடம். விளக்குத்தான் வெண்டது." பேத்திக்கு அது அன்றுதான் தெரிந்திருக்கிறது. பிறகு அந்த அம்மா தணிந்த குரலில் ஒன்று சொன்னார்: "இங்க வந்த பிறகு எனக்கு எந்தச் சின்னமும் இல்லை." இந்தியாவில் அவருக்கு வாக்குரிமை இல்லை. எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. பேத்தியின் மதிப்பெண் பட்டியலை எடுத்துக் காட்டினேன்.

இனி சுவிட்சர்லாந்து. நம் பாடநூலில் நேரடி மக்களாட்சி என்று வரும் இடத்தில் ஒரு வரியில் வந்து போகும் நாடு. ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகள் பலர் இன்று அங்கே குடிமக்களாக வாக்களிக்கிறார்கள். அங்கே முறை வேறு. நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றி அரசிதழில் வெளியிட்டதும் 100 நாள் காத்திருப்பு. அதற்குள் 50,000 வாக்காளர்கள் கையொப்பமிட்டு எதிர்த்தால் அந்தச் சட்டம் பொது வாக்கெடுப்புக்குப் போயே தீர வேண்டும். யாரும் கையொப்பம் திரட்டாவிட்டால் அமைதியாக நடைமுறைக்கு வந்துவிடும். பெரும்பாலான சட்டங்கள் அப்படித்தான் வருகின்றன. இலங்கையில் வாக்கெடுப்பை மேலிருந்து அழைத்தார்கள், சுவிட்சர்லாந்தில் கீழிருந்து அழைக்கிறார்கள். இந்த வேறுபாட்டை மட்டும் மாணவர்கள் பிடித்துக்கொண்டால் போதும் என்பது என் எண்ணம்.

தேடிக்கொண்டு போனபோது எனக்கே வியப்பாக ஒன்று கிடைத்தது. இந்த முறையின் தொடக்க காலத்தில் நடந்த முக்கியமான வாக்கெடுப்புகளில் ஒன்று தொழிற்சாலை வேலை நேரம் பற்றியது! கிளாரஸ் என்ற மலைப்பகுதி மாநிலம் பருத்தித் துணியில் சாயம் அச்சிடும் தொழிலால் பிழைத்தது. அங்கே அச்சான துணி துருக்கிக்கும் ஜாவாவுக்கும் போனது. நம் ஊர் என்றே வைத்துக்கொள்ளுங்கள், குளிர்தான் கூடுதல். அந்த மாநில மக்கள் திறந்தவெளி மக்கள் மன்றத்தில் கூடிக் கை உயர்த்தி, 1864இல், ஆலை வேலை நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது, இரவு வேலை கூடாது என்று சட்டம் செய்தார்கள்.

1877இல் நாடு முழுவதுக்குமாக ஒரு தொழிற்சாலைச் சட்டம் நிறைவேறியது. நாளுக்கு 11 மணி நேரம், 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆலை வேலை இல்லை, பேறுகாலத்தில் பெண்களுக்கு எட்டு வாரம் வேலை இல்லை. எதிர்த்தவர்கள் கையொப்பம் திரட்டினார்கள். அன்றைய வரம்பு 30,000. சட்டம் வாக்கெடுப்புக்குப் போனது. 1877 அக்டோபர் 21 அன்று ஏறத்தாழ 51.5 சதவீத ஆதரவுடன் மயிரிழையில் தப்பி நடைமுறைக்கு வந்தது. வாக்களித்தவர்கள் ஆண்கள் மட்டுமே. குழந்தைகளையும் பெண்களையும் காக்கும் சட்டத்தில் அந்தப் பெண்களுக்கே வாக்கு இல்லை. சுவிட்சர்லாந்துப் பெண்களுக்குத் தேசிய அளவில் வாக்குரிமை கிடைத்தது 1971இல்தான், அதுவும் ஆண்கள் மட்டும் வாக்களித்த ஒரு வாக்கெடுப்பின் மூலம். நம் பெண்கள் இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலிலேயே வாக்களித்துவிட்டார்கள் என்பதை வகுப்பில் இந்த இடத்தில் சொன்னால் மாணவிகள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்கலாம்.

1924இல் கதை திரும்பியது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்றிருந்ததை நெருக்கடிக் காலத்தில் 54 வரை நீட்ட நாடாளுமன்றம் சட்டம் செய்தது. கையொப்பம், வாக்கெடுப்பு. பிப்ரவரி 17 அன்று சுமார் 57.6 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள். நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டம் ஒரு நாள்கூட நடைமுறைக்கு வராமல் முடிந்தது. இதைச் சொன்னபோது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "நாற்பத்தெட்டுங்களா டீச்சர்? நம்மளுதும் நாற்பத்தெட்டுதானுங்களே!" கவனித்துக் கேட்டிருக்கிறான்.

மக்கள் 'வேண்டாம்' என்றால் அந்தப் பொருள் செத்துவிடுவதும் இல்லை. 2021 மார்ச்சில் மின்னணு அடையாள அட்டைச் சட்டத்தை அங்கே 64 சதவீதம் பேர் தள்ளினார்கள். தனியார் நிறுவனங்கள் அடையாளம் வழங்குவதா என்பதுதான் எதிர்ப்பின் மையம். அரசே வழங்கும் என்று சட்டத்தை மாற்றி எழுதினார்கள். 2025 செப்டம்பரில் அது 50.4 சதவீதத்தில் தேறியது.

நம் நாட்டுக்கு வருவோம். இந்திய அரசியலமைப்பில், ஒரு சட்டத்தைப் பொது வாக்கெடுப்புக்கு விடும் ஏற்பாடு இல்லை. பிரிவு 368இல் சில திருத்தங்களுக்குப் பாதிக்குக் குறையாத மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல் வேண்டும் என்று இருக்கிறதே, அதுவும் பிரதிநிதிகளின் ஒப்புதல்தான். ஒரு முறை பக்கத்தில் வந்தோம். நெருக்கடி நிலைக்குப் பிறகு 1978இல் கொண்டுவந்த திருத்த முன்வடிவில், அடிப்படை உரிமைகள், நீதித்துறைச் சுதந்திரம், நியாயமான தேர்தல் போன்ற அடித்தளங்களை மாற்றுவதானால் பொது வாக்கெடுப்பு வேண்டும், வாக்காளர்களில் 51 சதவீதமாவது அதில் பங்கேற்க வேண்டும் என்று ஒரு கூறு இருந்தது. மக்களவை ஏற்றது, மாநிலங்களவை ஏற்கவில்லை. அந்தக் கூறு இல்லாமலே அது 44ஆவது திருத்தமாக வந்தது. பத்தாம் வகுப்பில் 44ஆவது திருத்தம் நடத்தும்போது இந்த ஒரு செய்தியைச் சேர்த்துப் பாருங்கள், மாணவர்கள் இரண்டு பக்கமும் நின்று வாதாடுவார்கள்.

மாணவர்கள் இரண்டு இந்திய நிகழ்வுகளைப் பொது வாக்கெடுப்போடு குழப்பிக்கொள்ள வாய்ப்பு உண்டு. 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரியை அடுத்த கீழூரில் 178 பேர் வாக்களித்து, 170க்கு 8 என்று இந்தியாவோடு இணைய முடிவு செய்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள், பொதுமக்கள் அல்லர். 1967 ஜனவரியில் கோவா மக்கள் மகாராஷ்டிரத்தோடு இணைவதா, ஒன்றியப் பகுதியாகத் தொடர்வதா என்று நேரடியாகவே வாக்களித்துத் தொடர்வது என்றார்கள். ஆனால் அது ஒரு நிலப்பகுதியின் நிலை பற்றிய கருத்து வாக்கெடுப்பு, ஒரு சட்டத்தின் மீதான தீர்ப்பு அல்ல.

என் கண்ணுக்கு நெருங்கி வருவது ஒடிசாவின் நியம்கிரி. பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்பதைக் கிராம சபைகளே பேசி முடிவு செய்யட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் கோடை கடந்து பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. அங்கே மக்களிடம் போனது ஒரு திட்டம், சட்டம் அல்ல. ஆனாலும் நம் மாணவர்கள் பேருந்து ஏறாமலே பார்க்கக்கூடிய அவை கிராம சபைதான். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கூடும்போது ஒரு முறையாவது அழைத்துப் போகலாம்.

கடைசியாக, வகுப்பில் நான் செய்த ஒரு வாக்கெடுப்பு, அதில் நான் செய்த தவறு. பத்தாம் வகுப்புச் சிறப்பு வகுப்பு காலை 8.15க்கு நடந்துகொண்டிருந்தது. அதை மாலைக்கு மாற்றலாமா என்பதை வகுப்பே முடிவு செய்யட்டும் என்றேன். சின்னம் வேண்டுமே! ஆம் என்பதற்கு நூல் கோன், இல்லை என்பதற்குக் கத்தரி என்றேன். உடனே ஒருவன் எழுந்தான். "கத்தரின்னாலே வெட்டுறதுங்க டீச்சர், அதுக்கு யாருங்க போடுவாங்க?" சரி என்று பொத்தானாக மாற்றினோம். பிறகு கரும்பலகையில் கேள்வியை எழுதினேன்: "காலையில் அவசர அவசரமாக ஓடி வருவதற்குப் பதிலாக, மாலையில் நிதானமாகச் சிறப்பு வகுப்பு வைத்துக்கொள்ளலாமா?"

முப்பத்தெட்டுப் பேரில் 29 கோன், 9 பொத்தான். பெருமையாக எண்ணி அறிவித்தேன். அன்று மாலை ஆறு மாணவிகள் வந்து நின்றார்கள். அவர்கள் ஊருக்கு 5.10க்கு ஒரு டவுன் பஸ், அதை விட்டால் ஏழு மணிக்குத்தான். என்னிடம் முதலில் கேள்வி கேட்ட மாணவியும் அவர்களோடு இருந்தாள், அவளுக்குத் தம்பி. ஒன்பது பொத்தானில் ஏழு அங்கேயே நின்றது. "கேள்வியிலயே பதில் இருந்துச்சுங்க டீச்சர்" என்றாள். ஓடி வருவது, நிதானம் என்ற இரண்டு சொற்களை நான் எழுதியிருக்கக் கூடாது. அதைவிட, பஸ் நேரத்தைக் கேட்காமலே கேள்வியை எழுதியிருக்கக் கூடாது.

அடுத்த வாரம் மறுபடி நடத்தினோம். இந்த முறை வாக்குக்கு முந்தின நாள் இரண்டு தரப்பும் ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசினார்கள். கேள்வியை நான் எழுதவில்லை, இரண்டு தரப்பும் சேர்ந்து எழுதியது: "திங்கள், புதன், வெள்ளி காலையிலும், செவ்வாய், வியாழன் மாலையிலும் சிறப்பு வகுப்பு, மாலை வகுப்பில் பஸ்ஸுக்குப் போகிறவர்கள் 4.50க்குக் கிளம்பலாம். ஏற்கிறீர்களா?" 24 கோன், 14 பொத்தான். தேர்வு வரை அதுதான் நடந்தது.

அந்த மாணவியிடம் இரண்டாவது முறை எதற்குப் போட்டாய் என்று கேட்டேன்.

"ரகசிய வாக்கெடுப்புங்க டீச்சர்."